செத்தது யார் என்று எட்டுப் பேருக்கும் நினைவில்லை: ‘த்சுமெதாய் கோஷா நோ தோகி வா தோமாரு’ மங்கா (முடிவு வரை ஸ்பாய்லர்)

பனிக்காலவாசகி (இழையைத் தொடங்கியவர்)

முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே உடைத்துப் பேசப்போகிறோம். படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இழையை மூடிவிட்டு, நாலு தொகுதியையும் முடித்துவிட்டு வாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அரகாவா நவோஷி என்றால் நம் ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 2011-ல் தொடங்கிய ‘ஷிகத்சு வா கிமி நோ உசோ’ என்ற அந்தப் பியானோ கதைதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அவர் வரைந்த மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) இது. மூலக்கதை த்சுஜிமுரா மிசுகி 2004-ல் எழுதிய முதல் நாவல்.

மறந்தவர்களுக்காகச் சுருக்கம். பனி கொட்டும் ஒரு காலை. படிப்பில் பெயர்பெற்ற ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு எட்டு மாணவர்கள் வருகிறார்கள். வேறு யாருமே வரவில்லை. சரி, வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தால் கதவு திறக்க மறுக்கிறது. கடிகாரங்கள் 5:53-ல் நின்றுவிட்டன. இரண்டு மாதத்துக்கு முன்பு, பள்ளி விழாவின் கடைசி நாளில், சக மாணவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அது யார் என்பது மட்டும் எட்டுப் பேரில் ஒருவருக்கும் நினைவில்லை. பெயர், முகம், ஆணா பெண்ணா, எதுவுமே இல்லை. நம்மில் ஒருவர்தான் அந்த ஆளோ, இதெல்லாம் அந்த ஆளின் மனசுக்குள் நடக்கிறதோ என்று சந்தேகம் கிளம்புகிறது. அப்புறம் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். போனவர் இருந்த இடத்தில் ரத்தம் தோய்ந்த பொம்மை ஒன்று கிடக்கிறது.

பள்ளி, தற்கொலை, மர்மம் என்றால் வழக்கமாக வரும் கேள்வி ‘யார் காரணம்?’ என்பதுதான். யார் அடித்தான், யார் பணம் பிடுங்கினான், யார் பார்த்துச் சிரித்தான் என்று போகும். இங்கே அந்தக் கேள்விக்கே போக முடியவில்லை. செத்தது யார் என்று தெரிந்தால்தானே காரணத்தைத் தேட முடியும்? என்னைப் பொறுத்தவரை இந்த மறதிதான் கதையில் நடக்கும் உண்மையான குற்றம். எட்டுப் பேரும் நல்ல பிள்ளைகள். நன்றாகப் படிப்பவர்கள், வகுப்புப் பொறுப்புகளில் இருப்பவர்கள், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காதவர்கள். யாரும் யாரையும் அடித்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இரண்டே மாதத்தில் ஒரு பெயர் நினைவிலிருந்து போய்விட்டது.

படித்தவர்களிடம் ஒரே கேள்வி. கடைசியில் வெளிவரும் பெயர் உங்களுக்கு நியாயமாகப் பட்டதா?

கடைசிபெஞ்ச்

படவில்லை. ஏமாற்று வேலையாகப் பட்டது.

‘எட்டில் யார்’ என்று கதை முழுக்க விரலை மடக்கி எண்ண வைத்துவிட்டு, கடைசியில் ‘எட்டில் யாருமே இல்லை, இறந்தது ஹாருகோ’ என்றால் என்ன அர்த்தம்? எல்லாரையும் தன் மனசுக்குள் இழுத்தது எட்டுப் பேரில் ஒருத்தியான மிசுகி. அவள் இன்னும் சாகவில்லை, சாவதற்கு முயன்றிருக்கிறாள். அது பரவாயில்லை. எட்டில் ஒருவனாகக் கூடவே சுற்றிக்கொண்டிருந்த சுகவரா மாணவனே இல்லையாம், வகுப்பாசிரியர் சகாகியின் பள்ளிப்பருவ உருவமாம்! ஒரே கதையில் மூன்று கதவைத் திறந்து மூன்றிலும் ‘இங்கே இல்லை’ என்கிறார்கள். துப்பறியும் கதை என்றால் வாசகனுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும்.

தாள்வாசனை

வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள் ப்ரோ, நாம்தான் எடுத்துக்கொள்ளவில்லை. ஹாருகோ கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கவில்லை. மிசுகியின் நெருங்கிய தோழியாக இருந்து, பிறகு அவளை ஒதுக்கியவள் என்று அவள் பெயர் முன்பே வருகிறது. மிசுகி சாப்பிட முடியாமல் போனதற்குக் காரணமானவள் என்ற அளவில் அவளைப் பார்த்துவிட்டு, ‘சரி, இவள்தான் வில்லி’ என்று ஓரமாக வைத்துவிடுகிறோம். வில்லி எப்படிச் சாவாள்? செத்தவர் பாவப்பட்டவராகத்தானே இருக்க வேண்டும்? இந்தக் கணக்கை நாமாகத்தான் போட்டோம். கதை அப்படி எங்கேயும் சொல்லவில்லை.

நாவலைப் பற்றிக் கொஞ்சம். கோடான்ஷா பதிப்பகத்தின் மெஃபிஸ்டோ பரிசு பெற்றது, 31-ஆவது. அந்தப் பரிசுக்கு நடுவர் குழு என்று எதுவும் கிடையாது. வருகிற கையெழுத்துப் பிரதிகளை ஆசிரியர் குழுவே படித்துத் தேர்ந்தெடுக்கும். விதிகளைச் சற்றே வளைக்கும் மர்மக் கதைகளுக்குப் பேர்போன பரிசு. ஆகவே கடைசிபெஞ்ச் சொல்லும் ‘மூன்று கதவு’ அந்த மரபில் பாவமே இல்லை. மூன்று தொகுதியாக வந்த தடித்த நாவல் அது. ஒவ்வொரு மாணவருக்கும் நீண்ட பின்கதை உண்டு. மங்காவில் அவை சுருங்கிவிட்டன. அதனால்தான் சிலருக்கு முடிவு சட்டென்று வந்ததுபோல் இருக்கிறது.

இன்னொன்று, சுகவரா தந்திரம் எழுத்தில் சுலபம். குடும்பப் பெயர் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், முகத்தை வாசகரே கற்பனை செய்துகொள்வார். மங்காவில் அந்த வசதி இல்லை. இரண்டு பேரையும் வரைந்து காட்டியே ஆக வேண்டும். ஒரே முகமாகவும் இருக்க வேண்டும், ஒரே முகமாகத் தெரியவும் கூடாது. அரகாவா இதற்குப் பட்டிருக்கும் பாட்டை இரண்டாவது முறை படிக்கும்போதுதான் ரசிக்க முடிந்தது.

கதாநாயகிக்கு நாவலாசிரியை தன் புனைபெயரையே வைத்திருக்கிறார், கவனித்தீர்களா? த்சுஜிமுரா மிசுகி என்று முழுப் பெயரும் அதே.

நகோயாவாசி

ஜப்பான் பள்ளி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கதை வேறு மாதிரி படிக்கும் என்பதால் எழுதுகிறேன். என் மகள் இங்கே நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

இங்கே வகுப்பு என்பது வெறும் பாடவேளை கிடையாது. முப்பது, நாற்பது பேர், ஒரே அறை, ஏப்ரல் முதல் மார்ச் வரை. பாடத்துக்குப் பாடம் ஆசிரியர்தான் மாறுவார், பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். நடுநிலைப் பள்ளி வரை மதிய உணவு பெரும்பாலும் அதே அறையில், குழுவாக. அறையைப் பெருக்குவதும் அவர்களே, குழுவாக. விளையாட்டு விழா, பாட்டுப் போட்டி, சுற்றுலா, கலாச்சார விழா எல்லாமே வகுப்பாகச் சேர்ந்து செய்ய வேண்டியவை. குழு பிரிக்கும்போது யாரும் கூப்பிடாத பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் முழுக்க ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இந்த அறைக்குள் உருவாகும் அடுக்கைத்தான் இங்கே ‘ஸ்கூல் காஸ்ட்’ என்கிறார்கள். பேஸ்பால் பாணியில் முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள். சுசுகி ஷோ என்ற ஆய்வாளர் 2012-ல் இதைப் பற்றி எழுதிய சிறிய புத்தகம் பரவலாக வாசிக்கப்பட்டது. மதிப்பெண் இந்த அடுக்கைத் தீர்மானிப்பதில்லை. சத்தமாகப் பேசத் தெரிய வேண்டும், மற்றவர்களைச் சிரிக்கவைக்கத் தெரிய வேண்டும், தோற்றம் ஒத்துழைக்க வேண்டும், சரியான மன்றத்தில் இருக்க வேண்டும். மேலே இருப்பவன் விழாவில் என்ன நாடகம் போடலாம் என்று சொன்னால் அதுதான் வகுப்பின் முடிவு. கீழே இருப்பவன் அதையே சொன்னால் அறை அமைதியாகிவிடும். அவ்வளவுதான் விஷயம், அடிதடியே வேண்டாம்.

ஆகவே அந்தச் சாவு விழாவின் கடைசி நாளில் நடப்பது தற்செயல் இல்லை. வருஷத்திலேயே ‘நாங்கள் எல்லாரும் ஒன்று’ என்று மிகச் சத்தமாகச் சொல்லப்படும் நாள் அது.

சாம்பல்பூனை

‘காஸ்ட்’ என்று அவர்கள் சொல்வது நம் காதுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஏப்ரலில் வகுப்பு கலைத்துப் போட்டால் மாறிவிடக்கூடிய அடுக்குக்கு நம் ஊர்ச் சாதியின் பெயரா? நம்முடையது பிறப்பில் ஒட்டிக்கொள்வது, பள்ளி முடிந்தாலும் கல்யாணம், சுடுகாடு வரை வருவது.

நகோயாவாசி

வித்தியாசம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வருஷத்துக்குள் கீழே இருந்து மேலே ஏறுவது ரொம்ப அரிது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்குடீச்சர்

சகாகியைப் பற்றி இன்னும் யாரும் சரியாகப் பேசவில்லையே. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்தியது அவர்தான்.

இளம் வயது, ஜாலியான ஆள், பிள்ளைகளோடு பிள்ளையாகச் சிரிப்பவர், எட்டுப் பேரில் ஒருத்தியான ரிகா அவர் மேல் காதலாகவே இருக்கிறாள். எந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு சாரை எல்லாருக்கும் பிடிக்கும். சரியாகச் சொன்னால், அவர் சிரிப்பு எட்டும் தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நகோயாவாசி சொன்ன சுசுகியின் புத்தகத்தில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு உண்டு. அந்த அடுக்கை மாணவர்கள் அதிகாரமாகப் பார்க்கிறார்கள். ஆசிரியர்கள் அதையே திறமை வரிசையாகப் பார்க்கிறார்கள். மேலே இருப்பவனுக்குத் தலைமைப் பண்பு, பழகும் பக்குவம். கீழே இருப்பவனுக்கு அது போதவில்லை, வளர்த்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாக ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. வகுப்பை நடத்த மேலே இருக்கும் நாலு பேரின் ஒத்துழைப்பு போதும் என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள்.

அதனால்தான் மிசுகியின் மனசுக்குள் சகாகி மாணவனாக, கூட்டத்தில் ஒருவனாக வருவது எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்துக்கு அவர் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தார்.

ஜப்பானில் இதற்கு ஒரு கொடுமையான முன்னுதாரணம் உண்டு. 1986 பிப்ரவரியில், தோக்கியோ நகானோ பகுதியைச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு நடுநிலைப் பள்ளி மாணவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அதற்குச் சில மாதம் முன்பு அவன் செத்துவிட்டதாக வைத்து வகுப்பில் ‘இறுதிச் சடங்கு விளையாட்டு’ நடத்தியிருக்கிறார்கள். அவன் மேசையில் பூ வைத்து, அட்டை ஒன்றில் எல்லாரும் இரங்கல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த அட்டையில் வகுப்பாசிரியர் உட்பட நான்கு ஆசிரியர்களின் கையெழுத்தும் இருந்தது. 1991-ல் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சடங்கைத் துன்புறுத்தலாகப் பார்க்க மறுத்தது. 1994-ல்தான் தோக்கியோ உயர் நீதிமன்றம் அதைத் துன்புறுத்தல் என்று ஏற்றுக்கொண்டது.

அந்த நான்கு பேர் கொடூரமானவர்களாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளோடு சகஜமாக இருக்க விரும்பியிருப்பார்கள்.

கடைசிபெஞ்ச்

டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இருந்தாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இறுதியில் இந்தக் கதை யாரையாவது குற்றவாளி என்று சொல்கிறதா? ஹாருகோ மிசுகியை ஒதுக்கினாள். சரி. பிறகு ஹாருகோ செத்தாள். யார் காரணம்? ‘சூழல்’, ‘எல்லாரும்தான்’ என்று சொல்லி நழுவுவது எனக்குப் பிடிக்காது. எல்லாரும் காரணம் என்றால் யாருமே காரணம் இல்லை என்று ஆகிவிடும்.

இரவுரயில்

கடைசிபெஞ்சுக்கு வேண்டியது மியாபே மியுகி எழுதிய ‘சாலமோனின் பொய்சாட்சி’. 2012-ல் புத்தகமாக வந்தது. 2015-ல் இரண்டு பாகப் படமாகவும், பிறகு கொரியத் தொடராகவும் ஆனது. 1990 கிறிஸ்துமஸ் காலையில் பள்ளி வளாகப் பனியில் ஒரு மாணவன் இறந்துகிடக்கிறான். போலீஸ் தற்கொலை என்கிறது. மூன்று ரவுடிப் பையன்கள்தான் கொன்றார்கள் என்று ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது. பெரியவர்கள் மூடி மறைக்கப் பார்க்க, கோடை விடுமுறையில் மாணவர்களே பள்ளிக்குள் நீதிமன்றம் நடத்துகிறார்கள். நீதிபதி, அரசுத் தரப்பு, எதிர்த் தரப்பு, ஜூரி எல்லாம் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள்.

அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்பதில்தான் நம் விஷயம் இருக்கிறது. முகப்பரு காரணமாக அதே ரவுடிகளிடம் மிதிபட்ட ஒரு பெண். அவள் சொன்னது பொய், அவள் பட்டது உண்மை. நீதிமன்றத்துக்கு இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கத் தெரியாது.

நிஜ நீதிமன்றங்களும் இதில் தடுமாறித்தான் இருக்கின்றன. 2011 அக்டோபரில், ஷிகா மாகாணம் ஓட்சு நகரத்தில் 13 வயது மாணவன் ஒருவன் இறந்தான். பள்ளி மற்ற மாணவர்களிடம் எழுத்தில் கேட்டது, பிள்ளைகள் பார்த்ததை எழுதியும் கொடுத்தார்கள். கல்வி வாரியம் சில வாரங்களிலேயே விசாரணையை முடித்துக்கொண்டது. 2012 ஜூலையில் விஷயம் நாடெங்கும் வெடித்த பிறகுதான் போலீஸ் பள்ளியிலும் கல்வி வாரிய அலுவலகத்திலும் சோதனை போட்டது. அந்தக் கொந்தளிப்பின் விளைவாக 2013-ல் பள்ளித் துன்புறுத்தலைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கில் 2019-ல் மாவட்ட நீதிமன்றம், முன்னாள் சக மாணவர்கள் இருவர் சுமார் 3 கோடியே 75 லட்சம் யென் தர வேண்டும் என்றது. மறு ஆண்டு ஒசாகா உயர் நீதிமன்றம், தற்கொலைக்கும் துன்புறுத்தலுக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டே, குடும்பச் சூழலுக்கும் பங்கு இருக்கிறது என்று காட்டி, ஏற்கெனவே கிடைத்த தொகைகளையும் கழித்து, அதைச் சுமார் 40 லட்சமாகக் குறைத்தது. 2021-ல் அதுவே உறுதியானது.

ஒரு பையனின் சாவுக்கு யார் யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்று பிரித்து எழுத வேண்டிய வேலை அது. நீங்கள் கேட்கும் ‘யார் காரணம்’ என்பதற்கு நேர்மையாகப் பதில் தேடினால் இந்த இடத்தில்தான் வந்து நிற்போம். எனக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கவே பிடிக்கவில்லை, ஆனால் வேறு எப்படி எழுதியிருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள். இரண்டு விஷயம் மட்டும். இறந்த விதத்தை விவரிக்கும் பக்கங்களைப் படமாகப் பதிவேற்ற வேண்டாம்; ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். அப்புறம், இதைப் படிக்கும்போது தனக்கே கனமாக இருக்கிறது என்று யாருக்காவது தோன்றினால் இந்தியாவில் 14416 (டெலி மானஸ், தமிழிலும் பேசலாம்), தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. கூப்பிட்டுப் பேசுவதற்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்று இல்லை.

நகோயாவாசி

மட்டுறுத்துநர் சொன்னதோடு ஒன்று. ஜப்பானில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் செப்டம்பர் 1-ஐ ஒட்டிச் சிறார் தற்கொலைகள் கூடுகின்றன என்று 2015-ல் அரசே புள்ளிவிவரத்தோடு சொன்னது. அந்த ஆகஸ்ட் கடைசியில் காமகுரா நகர நூலகம் ட்விட்டரில் ஒரு பதிவு போட்டது. பள்ளிக்குப் போவதைவிடச் செத்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்குக் கஷ்டமாக இருந்தால் பள்ளிக்குப் போகாதே, நூலகத்துக்கு வா, நாள் முழுக்க இருந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்ற அர்த்தத்தில். பல்லாயிரம் பேர் பகிர்ந்தார்கள். த்சுஜிமுராவே பிறகு ‘காகாமி நோ கோஜோ’ எழுதினார், பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்துகிடக்கும் பிள்ளைகள் கண்ணாடிக்குள் இருக்கும் கோட்டையில் சந்திக்கும் கதை. 2018-ல் புத்தகக் கடைக்காரர்கள் வாக்களித்துத் தரும் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. முதல் நாவலில் பிள்ளைகள் பள்ளிக்குள் மாட்டிக்கொண்டார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து வந்த நாவலில் பள்ளிக்கு வெளியே அவர்களுக்கு ஓர் இடம் கட்டிக்கொடுக்கிறார்.

பனிக்காலவாசகி

கடைசிபெஞ்ச் கேட்டதற்கு என் பதில். இதைச் சொல்லத்தான் இழையையே தொடங்கினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மிசுகியை ஹாருகோ ஒதுக்கியபோது என்ன நடந்தது? ஹிரோஷி, அகிஹிகோ, ரிகா, மிட்சுரு, கெய்கோ, அயாமெ, எல்லாரும் மிசுகியைச் சூழ்ந்து நின்றார்கள். சாப்பிடவைத்தார்கள், தனியாக விடவில்லை. படிக்கும்போது கண் கலங்கும் பகுதி அது. இப்போது அதே காட்சியை ஹாருகோ நின்ற இடத்திலிருந்து பாருங்கள். பள்ளியில் எல்லாருக்கும் பிடித்த, படிப்பிலும் பழக்கத்திலும் மேலே இருக்கும் ஒரு கூட்டம் முழுக்க ஒரு பக்கம். மறுபக்கம் அவள் மட்டும். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்ட வேண்டிய அவசியமே இல்லை. அன்பாக ஒருத்தியைச் சுற்றி நின்றபோது எல்லாருடைய முதுகும் இன்னொருத்தியின் பக்கம் இருந்தது.

மொரிதா யோஜி என்ற சமூகவியலாளர் பள்ளித் துன்புறுத்தலை நான்கு வளையமாக விளக்கியிருக்கிறார். நடுவில் பாதிக்கப்பட்டவர், அவரைச் சுற்றித் துன்புறுத்துபவர், அதற்கு வெளியே பார்த்து ரசிப்பவர்கள், கடைசி வளையத்தில் கண்டும் காணாமல் இருப்பவர்கள். இந்தக் கதையில் மிசுகியை நடுவில் வைத்தால் படம் சரியாக வருகிறது, ஹாருகோதான் துன்புறுத்துபவள். ஹாருகோவை நடுவில் வைத்தாலும் படம் வருகிறது. அப்போது நம் எட்டுப் பேரும் வெளி வளையத்தில் இருக்கிறார்கள், மிசுகி உட்பட.

கதை குற்றவாளியைச் சொல்லவில்லை என்கிறீர்கள். பெயரை மறந்தவர்களின் பட்டியலை அது தெளிவாகவே சொல்கிறது.

சாம்பல்பூனை

அக்கா, இதை ஒத்துக்கொள்ள முடியாது. உயிர் போகிற அளவுக்கு ஒருத்தி மெலிந்துகொண்டிருக்கிறாள், நண்பர்கள் கூட நின்றார்கள். அதுவும் தப்பா? அடிபட்டவளைத் தாங்கிப் பிடித்தவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நாளைக்கு யார் யாருக்குத் துணை நிற்பார்கள்? ஒரு காலத்தில் நானும் அந்த மாதிரி ஒதுக்கப்பட்டவள்தான். என் பக்கம் வந்து உட்கார்ந்த இரண்டு பேர் இல்லையென்றால் அந்தப் பத்தாம் வகுப்பை நான் முடித்திருக்க மாட்டேன். அவர்கள் அப்போது எதிராளியின் மனசையும் யோசித்திருக்க வேண்டும் என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஹாருகோ மேல் இரக்கம் வரட்டும், தவறில்லை. அதற்காக மிசுகியின் வலியைக் கழித்துக்கொள்ள வேண்டாம்.

பனிக்காலவாசகி

கழிக்கவில்லை பூனை. கூட நின்றது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. நின்றவர்களில் ஒருவராவது மறுபக்கம் போய் ‘உனக்கு என்ன ஆச்சு’ என்று கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். ஆறு பேர் இருந்தார்கள்.

சாம்பல்பூனை

கேட்கலாம். ஆனால் அது அந்தப் பிள்ளைகளின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பளம் வாங்கும் பெரியவர்களின் வேலை. டீச்சர் மேலே சொன்னது அதைத்தான்.

கணக்குடீச்சர்

ஆமாம், எங்கள் வேலைதான்.

இரவுரயில்

இந்த இடத்தில் ‘கொயெ நோ கதாச்சி’யை ஒப்பிட்டுப் பார்க்கலாம். படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், மங்கா 2013, 14-ல் வந்தது. காது கேளாத ஷோகோவை ஆறாம் வகுப்பே சேர்ந்து சீண்டுகிறது. அவளுடைய செவிக்கருவிகள் உடைந்து, அவற்றுக்கான பணக் கணக்கு வந்து, தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது? வகுப்பாசிரியரே ஷோயாவின் பெயரைச் சொல்லிச் சாடுகிறார். உடனே கூட இருந்த நண்பர்கள் எல்லாரும் ‘அவன்தான், அவன்தான்’ என்கிறார்கள். மறுநாளிலிருந்து அவன் மேசைதான் கிறுக்கப்படுகிறது. குற்றவாளியைக் கண்டுபிடித்தாகிவிட்டது, வகுப்பு சுத்தமாகிவிட்டது. கடைசிபெஞ்ச் கேட்கும் தெளிவான தீர்ப்பு இப்படித்தான் இருக்கும். அந்தத் தீர்ப்பே அடுத்த துன்புறுத்தலைத் தொடங்கிவைக்கிறது.

நம் கதையில் ஹாருகோவுக்கு நடந்தது அதன் இன்னும் நாகரிகமான வடிவம். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இல்லையா, மேசையில் கிறுக்க மாட்டார்கள்.

தாள்வாசனை

அதே சமயம் இந்த வகைக் கதைகள் மீது எனக்கு ஒரு பழைய புகார் உண்டு, இதன் மீதும். ‘நான் செத்தால் எல்லாரும் அறைக்குள் அடைபட்டு என்னைப் பற்றியே யோசிப்பார்கள்’ என்ற ஆசையை இவை மறைமுகமாக நிறைவேற்றிக் காட்டுகின்றன. செத்தவருக்குக் கடைசிச் சொல் கிடைத்துவிடுகிறது. நிஜத்தில் செத்தவருக்கு எந்தச் சொல்லும் கிடைப்பதில்லை.

இந்த மங்கா பாதி அளவு தப்பித்துவிடுகிறது என்பேன். எல்லாரையும் இழுத்துவைத்து யோசிக்கவைப்பது உயிரோடு இருக்கும் மிசுகி. உண்மையில் செத்த ஹாருகோவுக்கு அந்த வசதி இல்லை. நமக்குக் கிடைப்பது மற்றவர்கள் நினைவில் இருக்கும் ஹாருகோ மட்டும்தான். அவள் ஏன் அப்படி மாறினாள் என்பதைக்கூட அடுத்தவர் வாயிலாகத்தான் ஊகிக்கிறோம். எட்டுப் பேருக்கும் பின்கதை இருக்கிறது, செத்தவளுக்கு இல்லை. முதலில் அது ஆசிரியையின் குறை என்றுதான் எடுத்துக்கொள்ளத் தோன்றும். பனிக்காலவாசகி சொல்வதுபோல் மறதிதான் குற்றம் என்றால், இதைத் திட்டமிட்டே செய்திருக்கலாம்.

கடைசிபெஞ்ச்

ஹாருகோ விஷயத்தில் என்னைக் கொஞ்சம் நகர்த்திவிட்டீர்கள். வில்லி என்று ஓரம் தள்ளியது நான்தான் என்றால், எட்டுப் பேரோடு நானும் பட்டியலில் இருக்கிறேன், சரி.

சுகவராவை மட்டும் விடமாட்டேன். கதை இவ்வளவு கவனமாகச் செத்தவளைப் பற்றிப் பேசும்போது, நடுவில் ஆசிரியர் வேஷம் கலைக்கும் தந்திரம் எதற்கு? வாசகனைத் திகைக்கவைக்க வேண்டும் என்ற ஆசை தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. டீச்சர் சொன்ன விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் அது டீச்சருடைய விளக்கம். மங்காவில் அதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கணக்குடீச்சர்

சுகவரா ஒழுங்கில்லாத மாணவன், வெளிப்பார்வைக்குப் பொறுப்பே இல்லாதவன், ஆனால் அவனுடைய பின்கதை முழுக்கப் பெற்றோர் பார்த்துக்கொள்ள முடியாத சின்னப் பிள்ளைகளோடு அவன் செலவழித்த நாட்களைப் பற்றியது. ஒரு சிறுவனுக்குச் செய்த உதவி பாதியில் நின்றுபோவதை அவன் அந்த வயதிலேயே பார்த்துவிடுகிறான். அந்தச் சுகவரா வளர்ந்துதான் சகாகி. அப்படிப்பட்ட ஆசிரியர் இருந்த பள்ளியிலேயே ஹாருகோவை யாரும் பார்க்கவில்லை. சகாகி அலட்சியக்காரராக இருந்திருந்தால் நாம் சுலபமாக அவர் தலையில் போட்டுவிட்டுப் போயிருப்போம். பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர் என்று நிரூபிக்க ஒரு முழு அத்தியாயம் தேவைப்பட்டிருக்கிறது. அதை ஆசிரியரின் பெயரில் சொல்லியிருந்தால் நாம் முன்கூட்டியே சந்தேகத்தோடு படித்திருப்போம். மாணவன் பெயரில் சொன்னதால் தடையில்லாமல் அவனை விரும்பிவிட்டோம்.

மூன்றாவது தொகுதியை எடுத்து அவன் வரும் இடங்களை மட்டும் மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் தந்திரம் என்று தோன்றினால் வாருங்கள், சண்டையைத் தொடரலாம்.

கடைசிபெஞ்ச்

எடுத்துவிட்டேன். நாளை வருகிறேன். சண்டைக்குத்தான் வருவேன் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.